மூளையில் தேடிய மரபணு

தாம்பரம் சானடோரியம்: ஒரு மருத்துவ வரலாறு – பகுதி 11

சென்ற பகுதியை 1937இல் நிறுத்தியிருந்தோம். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய காசநோய் இல்லத்தைச் சென்னை மாகாண அரசு எடுத்துக்கொண்ட ஆண்டு அது. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் சானடோரியம் நடத்தியவர் அவர். கணித மேதை ராமானுஜனுக்கு அங்கே வைத்தியம் பார்த்தவர். ஊர் திரும்பியதும் அதே முறையைத் தொடரத் தாம்பரத்தை ஒட்டிய ஏறக்குறைய 250 ஏக்கர் நிலத்தைத் தேர்ந்தெடுத்தார். அந்த முறையில் மருந்து என்று சொல்லிக்கொள்ள அதிகம் கிடையாது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு. மிச்சத்தை உடம்பு பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பகுதி 1952இல் தொடங்கி, காசநோயிலிருந்து மனநோய்க்குப் போகிறது. தொடர் தடம் மாறிவிட்டதென்று வாசகர் நினைக்க வேண்டாம். மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளில் ஒன்று காசநோய் வார்டிலிருந்துதான் வந்தது. அதன் வால் பிடித்துத்தான் செரடோனின் என்ற பெயர் பிரபலமானது. செரடோனின் தொடர்பான மரபணுக்களில் மனநோயின் வேர் இருக்கிறதா என்ற பெரும் தேடலும் அதற்குப் பிறகு வந்ததே. அந்தத் தேடல் கடைசியில் எங்கே வந்து நின்றது என்பதைப் புரிந்துகொள்ள, சென்னையில் காசநோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து 1960 வாக்கில் எழுதப்பட்ட சில கட்டுரைகள் உதவுகின்றன. இவ்விரண்டு கதைகளையும் பொதுவாகத் தனித்தனியாகத்தான் படிக்கிறோம். சேர்த்துப் படித்தால் தெரிவது வேறு.

1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலிருந்த சீ வியூ மருத்துவமனையில் எட்வர்ட் ராபிட்செக், இர்விங் செலிகாஃப் என்ற இரு மருத்துவர்கள் இரண்டு புதிய மருந்துகளைக் காசநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். ஒன்று ஐசோனியாசிட். இன்றும் நம் ஊர் காசநோய் மையங்களில் கொடுக்கப்படும் ஐ.என்.எச். மாத்திரை அதுதான். மற்றொன்று அதன் நெருங்கிய உறவான இப்ரோனியாசிட். சாவை எதிர்பார்த்துப் படுத்திருந்தவர்களுக்குப் பசி எடுத்தது, எடை கூடியது. இப்ரோனியாசிட் சாப்பிட்டவர்கள் அதோடு நிற்கவில்லை. வார்டில் ஆடினார்கள், கலகலவென்று பேசினார்கள். நுரையீரல் இன்னும் ஆறாத நிலையிலேயே அவர்கள் ஆடிய படங்கள் அமெரிக்கப் பத்திரிகைகளில் வெளிவந்தன.

நோய் குறைந்த மகிழ்ச்சி என்று அதை விட்டுவிட்டிருக்கலாம். ஆனால் அதே ஆண்டில் சிகாகோவில் எர்ன்ஸ்ட் செல்லர் ஒரு விஷயத்தைக் கண்டார். மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதியை இப்ரோனியாசிட் முடக்குகிறது. செரடோனினையும் அட்ரினலின் வகைப் பொருள்களையும் உடலில் சிதைக்கும் நொதி அது. நொதி முடங்கினால் அந்தப் பொருள்கள் சிதையாமல் சேரும். 1957இல் நேதன் கிளைன் தன் மனநோயாளிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்து, மனச்சோர்வு நீங்குவதாக அறிவித்தார். ஓராண்டுக்குள் ஏறத்தாழ 4 லட்சம் பேர் சாப்பிட்டார்கள். மஞ்சள் காமாலை வந்ததால் 1961இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது விலக்கப்பட்டது. மருந்து போனாலும் அது கிளப்பிய கேள்வி போகவில்லை: மூளையில் ஒரு பொருள் கூடினால் சோர்வு நீங்குகிறது என்றால், அது குறைவதால்தான் சோர்வு வருகிறதா?

செரடோனின் அப்போது மிகவும் புதிய பொருள். 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மாரிஸ் ரேப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகியோர் அதை ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தபோது, மனதோடு அதற்குச் சம்பந்தம் உண்டு என்று அவர்கள் நினைக்கவில்லை. ரத்தக் குழாயைச் சுருக்கும் பொருளைத் தேடிப்போய்க் கண்டெடுத்தார்கள். இத்தாலியில் விட்டோரியோ எர்ஸ்பாமர் அதற்கும் முன்பே குடலில் அதே பொருளைக் கண்டு வேறு பெயர் சூட்டியிருந்தார். நம் உடலின் செரடோனினில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடலில்தான் இருக்கிறது என்பது இன்றும் பலருக்கு வியப்பைத் தரும். மூளையிலும் அது உண்டு என்று 1953இல் காட்டியவர் பெட்டி ட்வாரோக் என்ற இளம் பெண் விஞ்ஞானி.

அதை மனநோயோடு இணைத்த முதல் பாலம் இந்தியாவில் முளைத்த ஒரு செடி. சர்ப்பகந்தா வேர் நம் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாகப் புழங்கியது. 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் அது ரத்த அழுத்தத்தையும் மனக் கொந்தளிப்பையும் தணிப்பதாக எழுதினார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வகீல் தன் ரத்த அழுத்த நோயாளிகளின் அனுபவத்தைப் பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் வெளியிட்டதும் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் வேரிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தது. 1955இல் அமெரிக்காவில் பெர்னார்ட் பிராடியின் ஆய்வகம், ரெசர்பின் கொடுத்தால் உடலின் செரடோனின் சேமிப்பு காலியாகிறது என்று காட்டியது. ரெசர்பின் சாப்பிட்டவர்களில் சிலருக்கு மனச்சோர்வு வந்ததாகவும் மருத்துவர்கள் எழுதினார்கள். பின்னாளில் அந்தப் பதிவுகள் மீது சந்தேகம் எழுந்தது. ஆனால் அதற்குள் ஒரு அழகான கணக்கு எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது: கூட்டினால் மகிழ்ச்சி, குறைத்தால் சோர்வு.

இப்போது சென்னைக்கு வருவோம்.

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தியல் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்தது. தலைமை ஏற்க வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ். சானடோரியத்தில் ஓராண்டு படுத்திருந்தால்தான் காசநோய் குணமாகுமா என்ற கேள்விக்கு இம்மையம் 1959இல் சொன்ன பதில் உலகையே மாற்றியது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், மறுபாதி சென்னையின் நெரிசலான வீடுகளில். மருந்து இருவருக்கும் ஒன்றே. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். வீட்டாருக்கும் தொற்று கூடுதலாகப் பரவவில்லை. தாம்பரம் போன்ற சானடோரியங்களின் பழைய காலம் முடிந்ததை அறிவித்த ஆய்வு இது. அதன் விளைவை வேறொரு பகுதியில் விரிவாகப் பார்ப்போம்.

நமக்கு இங்கே வேண்டியது அந்த மையத்தின் இன்னொரு வேலை. அதிகம் பேசப்படாத வேலை. ஐசோனியாசிட் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கை கால் எரிந்தது, மரத்துப்போனது. எல்லோருக்கும் அப்படி ஆகவில்லை. ஏன் சிலருக்கு மட்டும்? எஸ். தேவதத்தா, பி. ஆர். ஜே. கங்காதரம், சி. வி. ராமகிருஷ்ணன், எஸ். வேலு ஆகியோர் ஃபாக்ஸோடு சேர்ந்து 1960இல் வெளியிட்ட கட்டுரை பதில் சொன்னது. மருந்தை உடல் செயலிழக்கச் செய்யும் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. சிலர் வேகமாகச் செய்கிறார்கள். சிலருக்கு மருந்து ரத்தத்தில் நெடுநேரம் தங்குகிறது. எரிச்சலும் மரத்துப்போதலும் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினருக்கே. அதே 1960இல் இங்கிலாந்தின் டேவிட் பிரைஸ் எவன்ஸ் குழு, இந்த வேகம் பரம்பரையாக வருவது என்று நிறுவியது. பின்னாளில் நேட்-2 என்று பெயர் பெற்ற ஈரல் மரபணு அது. இந்தியர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஆறு பேர் மெதுவான வகை.

சென்னை மையம் இதைத் தாளில் எழுதிவிட்டு நிற்கவில்லை. மெதுவான வகையினருக்கு வைட்டமின் பி6 சிறிய அளவில் சேர்த்துக் கொடுத்தால் நரம்புப் பாதிப்பைத் தடுக்கலாம் என்று சோதித்துக் காட்டியது. வாரம் ஒருமுறை மட்டும் ஐசோனியாசிட் கொடுக்கும் முறை வேகமான வகையினரிடம் அவ்வளவாகப் பலிக்கவில்லை என்றும் 1970இல் காட்டியது. பரம்பரை வேறுபாடு தெரிந்தது. அதற்கேற்ப மருந்து மாறியது. மரபணு அறிவு ஒரு நோயாளிக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், நான் முதலில் சொல்லும் உதாரணம் இதுதான். இன்று பெரிய துறையாக வளர்ந்திருக்கும் மருந்து மரபியலின் தொடக்க அத்தியாயங்களில் ஒன்று சேத்துப்பட்டில் எழுதப்பட்டது என்பதில் சென்னைக்காரர்கள் பெருமைப்படலாம்.

இதில் இன்னொரு இழை உண்டு. ஐசோனியாசிட் உடலிலுள்ள பி6ஐத்தான் முடக்குகிறது. உடல் செரடோனினைத் தயாரிப்பதற்கும் அதே பி6 வேண்டும். ஐசோனியாசிட் சாப்பிட்ட அபூர்வமான சிலருக்கு மனக்குழப்பம் வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காசநோய் மருந்தும் மூளை வேதியியலும் இப்படிப் பல இடங்களில் உரசிக்கொண்டே இருந்தன.

1960களின் இறுதியில் செரடோனின் குறைபாடே மனச்சோர்வு என்ற கருத்து முழு வடிவம் பெற்றது. இங்கிலாந்தில் அலெக் காப்பனும் லெனின்கிராடில் லாபின், ஆக்சென்க்ரூக் இருவரும் அதை முன்வைத்தார்கள். 1987இன் கடைசி வாரத்தில் ஃப்ளூவாக்செடின் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. நரம்பணுக்கள் வெளியிட்ட செரடோனினைத் திரும்ப உள்ளே இழுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. கடத்தி என்று அதைச் சொல்லலாம். அந்தக் கடத்தியை அடைப்பதுதான் இம்மருந்தின் வேலை. மருந்து எங்கே போய்ப் பிடிக்கிறது என்று தெரிந்துவிட்டது. அந்தப் புரதத்தை எழுதும் மரபணுவில் பிழை இருக்குமோ என்று தேடுவது அடுத்த படி.

1996 நவம்பரில் ஜெர்மனியின் கிளாவுஸ்-பீட்டர் லெஷ் குழு, 17ஆம் குரோமோசோமில் இருக்கும் அந்தக் கடத்தி மரபணுவுக்கு முன்னால் ஒரு பகுதி சிலருக்கு நீளமாகவும் சிலருக்குக் குட்டையாகவும் இருப்பதாக அறிவித்தது. குட்டை வடிவம் உள்ளவர்களிடம் கடத்தி குறைவாக உற்பத்தியாகிறது. 505 பேரைப் பார்த்ததில் அவர்களுக்குப் பதற்ற குணம் சற்றுக் கூடுதல். எவ்வளவு கூடுதல்? ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 3 முதல் 4 சதவீதத்தைத்தான் இது விளக்கும் என்று அவர்களே நேர்மையாக எழுதியிருந்தார்கள். படித்தவர்கள் பலர் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

2003இல் அவ்ஷாலோம் காஸ்பியும் டெர்ரி மோஃபிட்டும் இன்னும் மனதைக் கவரும் ஒன்றைச் சொன்னார்கள். நியூசிலாந்தின் டனீடினில் 1972–73இல் பிறந்து, குழந்தைப் பருவம் முதல் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் 847 பேர். குட்டை வடிவம் மட்டும் இருந்தால் ஒன்றும் இல்லை. வாழ்க்கையில் அடி மேல் அடி விழுந்து, கூடவே குட்டை வடிவமும் இருந்தால் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுகிறது என்றது அந்த ஆய்வு. விதியா மதியா என்று காலங்காலமாகப் பேசிவந்த நமக்கு இந்த விடை எவ்வளவு பிடித்துப்போயிருக்கும்! மேற்கிலும் அப்படித்தான் பிடித்துப்போனது. நூற்றுக்கணக்கான ஆய்வுகள் அதைப் பின்தொடர்ந்தன. குடிப்பழக்கம், ஆட்டிசம், தற்கொலை முயற்சி, மனச்சிதைவு என்று எல்லாவற்றிலும் செரடோனின் மரபணுக்களைத் தேடினார்கள். இந்தியாவிலும் தேடினார்கள்.

இந்த வரலாற்றில் 2009 ஒரு திருப்பம். அந்த ஓர் ஆண்டில் வந்த மூன்று கட்டுரைகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, திருவனந்தபுரத்தின் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்திலிருந்து மொய்னாக் பானர்ஜி குழு எழுதியது. தென்னிந்தியர்களிடையே செரடோனின் கடத்தி மரபணுவின் வேறுபாடுகளுக்கும் மனச்சிதைவுக்கும் தொடர்பு தெரிகிறது என்றது.

இரண்டாவது, நீல் ரிஷ் குழு அமெரிக்காவில் வெளியிட்டது. காஸ்பியின் முடிவைச் சரிபார்த்த 14 ஆய்வுகளை, மொத்தம் 14,250 பேரின் தரவுகளை, ஒன்றாக்கிப் பார்த்தது. குட்டை வடிவத்துக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு இல்லை. துயர நிகழ்வுகளோடு சேர்த்துப் பார்த்தாலும் இல்லை. ஆனால் துயர நிகழ்வுகளுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு மட்டும் உறுதியாக நின்றது. வேலை போனது, உறவு முறிந்தது, நெருங்கியவர் இறந்தது போன்றவை மனிதரை வீழ்த்துகின்றன. இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது: நாம் கண்ணெதிரே தெரிந்த காரணத்தை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாததைத் தேடிப் போயிருக்கிறோம்.

மூன்றாவது கட்டுரை சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து எழுதியது. இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் அமர்ந்த முதல் பெண்ணான டாக்டர் சாரதா மேனன் 1984இல் நிறுவியது ஸ்கார்ஃப். மனச்சிதைவு நோயாளிகளுக்கான இல்லமாகவும் ஆய்வு நிறுவனமாகவும் ஒரே நேரத்தில் அது வளர்ந்தது. அண்ணா நகரில் தலைமையகம் இருந்தாலும், தெற்கே திருப்போரூர் வட்டாரக் கிராமங்கள் வரை அதன் சமூக மனநலப் பணி போனது. டாக்டர் ஆர். தாரா உள்ளிட்டோர் சென்னையில் 1981 முதல் 90 மனச்சிதைவு நோயாளிகளைக் கால் நூற்றாண்டு பின்தொடர்ந்த ஆய்வு உலகறிந்தது. ஒரு நோயாளியை வருடக்கணக்கில் விடாமல் தேடிப் போய்ப் பார்ப்பதென்றால், அவர் குடும்பமும் அந்த மருத்துவரை நம்பி வீட்டுக்குள் விட வேண்டும். அந்த நம்பிக்கைதான் பிறகு மரபணு ஆய்வுக்கும் கதவு திறந்தது.

தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் சமூகங்கள் பல. ஒரு குழுவுக்குள் மரபணுக் கலப்பு குறைவாக இருந்தால், நோயோடு தொடர்புள்ள பகுதியைப் பிரித்துக் காண்பது எளிது. தாரா, டாக்டர் டி. சீனிவாசன், சுஜித் ஜான், ஆஸ்திரேலியாவின் பிரையன் மவ்ரி ஆகியோர் அப்படி நெருங்கிய குழுக்களைச் சேர்ந்த தமிழ்நாட்டுக் குடும்பங்களைத் திரட்டினார்கள். 2009இல் அவர்கள் முதலாம் குரோமோசோமில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டினார்கள். கவனிக்க வேண்டியது தேடிய முறை. 'செரடோனின்தான் குற்றவாளி' என்று முன்கூட்டியே முடிவு கட்டிக்கொண்டு அந்த மரபணுவை மட்டும் பார்க்கவில்லை. எல்லாக் குரோமோசோம்களையும் வரிசையாகத் துழாவினார்கள்.

அந்த முறையே வென்றது. அடுத்த பத்தாண்டில் சில நூறு பேருக்குப் பதிலாக லட்சக்கணக்கானோரின் மரபணுத் தொகுதி முழுவதையும் ஒப்பிட முடிந்தது. 2019இல் கொலராடோவின் ரிச்சர்ட் பார்டர் குழு, மனச்சோர்வுக்குக் காரணம் என்று அதிகம் பேசப்பட்ட 18 மரபணுக்களை எடுத்தது. செரடோனின் கடத்தி மரபணுதான் அதில் முதலிடம். 62,138 முதல் 4,43,264 பேர் வரையிலான தரவுகளில் சோதித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்த வேறு எந்த மரபணுவை விடவும் இந்த 18உம் மனச்சோர்வோடு கூடுதலாகத் தொடர்பு காட்டவில்லை. இருபது ஆண்டுகளின் உழைப்பு! எத்தனை முனைவர் பட்டங்கள், எத்தனை கோடி ரூபாய், எத்தனை தலைப்புச் செய்திகள். சிறிய மாதிரியில் தற்செயலாகத் தெரியும் தொடர்பை உண்மை என்று எடுத்துக்கொண்டதும், தொடர்பு தெரியாத ஆய்வுகள் அச்சேறாமல் இழுப்பறையில் தங்கியதும் சேர்ந்து கட்டிய கட்டடம் அது.

அப்படியானால் மனநோயில் பரம்பரைக்கு இடமே இல்லையா? நிச்சயம் உண்டு. 2022இல் மனச்சிதைவுள்ள 76,755 பேரை 2,43,649 பேரோடு ஒப்பிட்ட சர்வதேச ஆய்வு, தொடர்புள்ள 287 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை இப்பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். அந்த வெள்ளம் எந்த ஓர் ஏரியின் குற்றம் என்று கேட்டால் சொல்ல முடியாது. எத்தனையோ ஏரிகளின் உபரி அடையாற்றில் சேர்ந்தது. பெய்த மழையும், நீர் போகும் வழியில் எழுந்த வீடுகளும் மிச்சத்தைச் செய்தன. மனநோயின் மரபியலும் இதே வகைதான். ஓர் ஏரியை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு நாம் இருபது ஆண்டு விசாரித்தோம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. குரோம்பேட்டையிலோ சேலையூரிலோ ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது, "அவங்க வீட்ல யாருக்காவது 'அந்த மாதிரி' இருக்கா?" என்று தரகர் மூலம் விசாரிக்கிறார்கள். ஒரு சித்தப்பாவுக்கு மனச்சிதைவு இருந்தால் சம்பந்தம் நின்றுவிடுகிறது. அதற்குப் பயந்து அந்தச் சித்தப்பாவை மருத்துவரிடம் கூட்டிப் போகாமல் மறைக்கிறார்கள். 'மரபணு' என்ற சொல் இந்தப் பயத்துக்கு அறிவியல் முத்திரை குத்திவிடுகிறது. பெற்றோரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தாலும்கூடப் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பத்தில் ஏறத்தாழ ஒன்றுதான். ஒன்பது பேருக்கு வராது. சித்தப்பா என்றால் வாய்ப்பு இன்னும் குறைவு. இந்த எண்ணை ஒவ்வொரு கல்யாணத் தரகருக்கும் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பார்டர் ஆய்வு வந்த அதே 2019இல் ஸ்கார்ஃபும் குவீன்ஸ்லாந்தும் தங்கள் அடுத்த கட்டுரையை வெளியிட்டன. முதல் ஆசிரியர் சதீஷ் பெரியசாமி. மொத்தம் 3,092 பேர். அவர்களில் 1,321 பேர் மனச்சிதைவு நோயாளிகள், மற்றவர்கள் அவர்களின் குடும்பத்தினரும் அதே வட்டாரத்தவரும். இப்போது கை காட்டிய இடம் எட்டாம் குரோமோசோம். அங்கே இருக்கும் மரபணுக்களில் ஒன்று, நயாசின் என்ற பி3 வைட்டமினை உடல் பயன்படுத்த உதவுவது. ஜீப்ரா மீனில் அந்த மரபணுவின் வேலையைத் தடுத்தபோது மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டது.

நயாசின் என்றதும் நம் நாட்டு மருத்துவ வரலாறு தெரிந்தவர்களுக்குப் பெலாக்ரா நினைவுக்கு வரும். தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம் மூன்றும் சேர்ந்த நோய். தக்காணத்தில் சோளத்தையே உண்டு வாழ்ந்த ஏழைகளை அது பிடித்தது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவோடு சேர்ந்து, சோளத்திலுள்ள லூசின் மிகுதிக்கு அதில் பங்கு உண்டு என்று 1960இல் எழுதினார். நம் குன்னூரில் தொடங்கி ஐதராபாத்துக்கு மாறிய ஊட்டச்சத்து ஆய்வகத்தின் சாதனைகளில் அது ஒன்று. உடல் நயாசினையும் செரடோனினையும் டிரிப்டோஃபேன் என்ற ஒரே மூலப்பொருளிலிருந்து தயாரிக்கிறது. அதில் பெரும்பகுதி நயாசின் பக்கம் போகும் பாதைக்கே சேர்கிறது. செரடோனினுக்குக் கிடைப்பது ஓரிரு சதவீதம். அதே ஆய்வகத்தின் கமலா கிருஷ்ணசாமி, பெலாக்ரா நோயாளிகளின் மனநிலையையும் ரத்தத் தட்டணுக்களிலுள்ள செரடோனினையும் சேர்த்து ஆராய்ந்து 1970இல் வெளியிட்டார்.

இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடைக்குப் போய் நயாசின் மாத்திரை வாங்கி வீட்டிலுள்ள நோயாளிக்குக் கொடுத்துவிடக் கூடாது. 1950களில் கனடாவின் ஆப்ரம் ஹாஃபர் மனச்சிதைவுக்கு நயாசினைப் பெரிய அளவில் கொடுத்துக் குணம் கண்டதாகச் சொன்னார். பிறர் முறையாகச் சோதித்தபோது அது நிற்கவில்லை. சென்னைக் கட்டுரையின் பெறுமதி வேறிடத்தில் இருக்கிறது. உலகின் மனநோய் மரபியல் தரவுகளில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினருடையது. அந்தத் தரவில் தமிழர்களும் இருக்க வேண்டும். தமிழர்களிடம் மட்டும் எடுப்பாகத் தெரியக்கூடிய ஒன்றைத் தமிழர்களிடம் தேடினால்தானே காண முடியும்?

இனி, இன்று தாம்பரத்தில் ஒரு மனநல மருத்துவரின் முன்னால் மனச்சோர்வோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் வருவோம். மருத்துவர் எஸ்சிடலோபிராம் எழுதுகிறார். செரடோனின் கடத்தியை அடைக்கும் மருந்து. நோயாளிக்குக் குட்டை வடிவமா நீள வடிவமா என்று சோதித்துப் பார்ப்பதால் பயன் உண்டா? கிடையாது. பயன் தரக்கூடிய ஒரு மரபணு இருக்கிறது. அது மூளையில் செரடோனினோடு சம்பந்தப்பட்டதே இல்லை. ஐசோனியாசிட்டைப் போலவே, இந்த மருந்தையும் உடைப்பது ஈரல். அந்த வேலையைச் செய்யும் நொதியின் பெயர் சிப்-2சி19. அதுவும் பரம்பரையாக ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. புதுச்சேரி ஜிப்மரின் டாக்டர் சி. ஆதித்தன் குழு 2003இல் தமிழர்களிடையே அதன் வடிவங்களைக் கணக்கெடுத்தது. வேலை செய்யாத வடிவம் ஐரோப்பியர்களைவிடத் தமிழர்களிடம் மிகவும் அதிகம். மெதுவான வகையினரின் ரத்தத்தில் எஸ்சிடலோபிராம் கூடுதலாகத் தங்கும். ஐரோப்பியர்களை வைத்து வகுத்த வழக்கமான அளவு அவர்களுக்குச் சற்றுப் பெரியதாகிவிடலாம். குமட்டல், படபடப்பு என்று பக்கவிளைவு தாங்காமல் பத்தாம் நாளே மாத்திரையை நிறுத்திவிட்டு, 'எனக்கு இந்த மருந்து ஒத்துக்கல டாக்டர்' என்று சொல்பவர்களில் சிலர் இந்த வகையாக இருக்கலாம். அளவைக் குறைத்தால் தொடர முடியும்.

1960இல் சேத்துப்பட்டில் ஐசோனியாசிட்டுக்குப் போட்ட அதே கணக்கு இது.

எந்த மரபணுவைப் பார்த்து எந்த மருந்தின் அளவை மாற்றலாம் என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டும் சர்வதேசக் குழு, செரடோனின் சார்ந்த மனச்சோர்வு மருந்துகளுக்கான தன் வழிகாட்டுதலை 2023இல் புதுப்பித்தது. ஐந்து மரபணுக்களை எடுத்துக்கொண்டது. மருந்தை உடைக்கும் நொதிகளுக்கான மூன்றுக்கும் அளவு சொல்லியிருக்கிறது. மற்ற இரண்டும் செரடோனின் மரபணுக்கள்: ஒன்று 1996இல் லெஷ் அறிவித்த கடத்தி மரபணு, இன்னொன்று செரடோனினை வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் மரபணு. இவ்விரண்டையும் வைத்து மருந்தைத் தீர்மானிக்க ஆதாரம் போதாது என்று அந்தக் குழு எழுதியிருக்கிறது.

அடுத்த பகுதியில் 1993: தாம்பரம் மருத்துவமனையில் முதல் எச்.ஐ.வி. நோயாளி சேர்க்கப்பட்ட ஆண்டு.